டாலரா, ஃபிராங்கா?

போன மாதம், ஸ்விட்சர்லாந்தில் ஒரு ஏரிக்கரை. சாயங்காலம். தண்ணீர் மேல் யாரோ தங்கப் பொடியைத் தூவிவிட்டுக் கலக்க மறந்துபோன மாதிரி ஒரு வெளிச்சம். துறையில் வெள்ளை வெளேரென்று ஒரு நீராவிக் கப்பல். டிக்கெட் கவுன்டரில் நான். கையில் கார்டு. எதிரே இருந்த குட்டி மெஷின் என்னைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டது.

ஆஸ்திரேலிய டாலரில் கட்டுகிறீர்களா, ஸ்விஸ் ஃபிராங்கிலா?

கல்யாணத்தன்றுகூட யாரும் எனக்கு இவ்வளவு மரியாதையாகச் சாய்ஸ் கொடுத்ததில்லை.

நிலைமை உங்களுக்குப் புரிய வேண்டும். அது அன்றைய கடைசிக் கப்பல். மறுநாள் எங்களுக்கு சிட்னி ஃபிளைட். என் மனைவி உமா யூரோப்புக்கு வந்ததே இந்தக் கப்பலுக்காகத்தான். ஸ்கூல் நாட்களில் வெள்ளிக்கிழமை டிவியில் பார்த்த ஏதோ ஒரு பாட்டு... கப்பலின் மேல்தளம், பின்னால் பனிமலை, காற்றில் பறக்கும் முந்தானை. பாட்டு மறந்துவிட்டது. முந்தானை மறக்கவில்லை. சிட்னியில் எங்கள் கெல்லிவில் வீட்டிலிருந்து அதற்கென்றே ஒரு நீல ஷிஃபான் புடவையைச் சுருட்டி எடுத்துவந்து, ஸ்னீக்கர்ஸோடு கட்டிக்கொண்டு, மலையைப் பார்த்தபடி துறையில் நின்றாள். அவள் அப்படி நின்று நான் பார்த்து ரொம்ப நாளாயிற்று.

மெஷினுக்கு என்ன பதில் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியும். சிட்னியிலேயே வெஸ்ட்மீட் பக்கம் இருக்கும் நண்பர் சிவநேசன் அண்ணன் கிளம்பும்போதே சொல்லியிருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். யூரோப்பில் அவருக்குச் சொந்தம் இல்லாத நாடு கிடையாது.

"தம்பி, டொலரோ அந்த நாட்டுக் காசோ எண்டு மெஷின் கேக்கும். தெரிஞ்ச முகம் எண்டு டொலரை அமத்திப் போடாதேங்கோ. அவை தங்கட ரேட்டில மாத்தி, நோகாமல் உருவிப் போடுவினம். ஊர்க் காசையே அமத்துங்கோ."

"சரிண்ணே, ஃபிராங்க்தான்" என்று தலையாட்டிவிட்டுத்தான் விமானம் ஏறினேன்.

பின்னே ஏன் விரல் அந்தரத்தில் நின்றது?

எவ்வளவு உருவப் பார்க்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளும் ஆசைதான். போனை எடுத்து ஃபிராங்கை டாலராக மாற்றிப் பார்த்தேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் விரல் தானாகவே டாலரை ரூபாய்க்கு மாற்றியது. சம்பளம் டாலரில், வீட்டுக் கடன் டாலரில்... ஆனால் ஒரு பொருள் காஸ்ட்லியா இல்லையா என்று தீர்ப்புச் சொல்வது மட்டும் இன்னமும் ரூபாய்தான். உங்கள் வீட்டிலும் அப்படித்தானே?

அந்த ரூபாயைப் பார்த்ததும், சைபர் கூடிவிட்டதோ என்று இன்னொரு தடவை கணக்குப் போட்டேன். அந்தக் காசில் குடும்பத்தோடு மதுரைக்கு ஏசி கோச்சில் போய் வந்துவிடலாம்! மதுரையில் பனிமலை கிடையாது என்பது அந்த நேரத்தில் தோன்றவில்லை.

மெஷின் காத்திருந்து சலித்து, திரையை அணைத்துக்கொண்டது. கவுன்டர் பெண் சிரித்தபடி மறுபடி ஆரம்பித்தாள். அப்போது முதுகுக்குப் பின்னால் நீளமாக ஒரு ஹார்ன்.

திரும்பினேன். கப்பலுக்கும் துறைக்கும் நடுவே ஒரு முழம் தண்ணீர். பார்க்கப் பார்க்க அது ஏரியாகிவிட்டது. உமா அது போகிற திசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெறும் துறையில் நன்றாகத்தான் பறந்தது முந்தானை.

"உமா..."

"பரவால்ல, விடுங்க."

உலகத்தின் எந்தக் கரன்சியிலும் இதைவிடக் காஸ்ட்லியான வார்த்தை கிடையாது.

மறுநாள் விடியும்போதே அவளை எழுப்பினேன். "வா, முதல் கப்பலுக்குப் போகலாம். ஃபிளைட்டுக்கு நேரம் இருக்கு."

"ஹோட்டல் பிரேக்ஃபாஸ்ட்?"

"வேண்டாம்."

"ஏற்கெனவே காசு கட்டியாச்சுங்க!"

"போகட்டும்."

என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். ஜுரம் இல்லை என்று உறுதியான பிறகுதான் புடவையை எடுத்தாள்.

அதே மெஷின், அதே கேள்வி. ஃபிராங்க்! தொகையைக்கூடப் பார்க்கவில்லை.

மேல்தளத்துக்கு ஓடினோம். மலையைக் காணோம். கரையைக் காணோம். எங்கும் வெள்ளை. கப்பல் தண்ணீரில் போகிறதா, மேகத்தில் போகிறதா என்றே தெரியவில்லை. எங்கோ ஒரு மணிச் சத்தம் மட்டும் மிதந்து வந்து, வழி தெரியாமல் திரும்பிப் போனது. முந்தானை பறக்கவே இல்லை. பனியில் நனைந்து, என் ஜாக்கெட்டுக்குள் சுருண்டு கிடந்தது.

"ஒண்ணுமே தெரியலையே" என்றேன், குற்றவாளி மாதிரி.

"கொஞ்ச நேரம் பேசாம இருங்களேன்."

இருந்தேன். எப்போது விலகியது அந்தப் பனி? அடிவாரமே இல்லாமல் ஆகாயத்தில் ஒரு சிகரம் மட்டும் தொங்கியது. ரோஜா நிறத்தில். தூக்கத்தில் யாரோ சிரித்த மாதிரி. ஒரு நிமிஷம் இருந்திருக்குமா? மறுபடி வெள்ளை. போனை எடுக்க எங்கள் இரண்டு பேருக்குமே தோன்றவில்லை. உமா என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள் — கரை வரும்வரை.

யூரோப் கிளம்பும் வாசகர்களே, சிவநேசன் அண்ணன் சொன்னது நூற்றுக்கு நூறு சரி, ஊர்க் காசையே அழுத்துங்கள். ஆனால், கப்பல் நிற்கும்போதே அழுத்துங்கள்.