கழுவி வைத்த பாட்டில்கள்

ஒரு துறைக்கு வைர விழா என்றால் கொண்டாட வேண்டியதுதான். யார் வேண்டாம் என்றது? ஆனால் கொண்டாடுகிறேன் பேர்வழி என்று அத்தனை வருடத்தையும் கழுவி ஊற்றிவிட்டு, பட்டுச்சட்டையோடு வந்து மேடையில் நின்றால் வயிறு எரியுமா, எரியாதா? ஏஞ்சலினுக்கு எரிந்தது. இன்னும் எரிந்துகொண்டுதான் இருக்கிறது.

ஏஞ்சலின் திருவள்ளூர்ப் பக்கம் ஒரு பல்கலைக்கழகத்தில் மண்ணியல் பாடம் நடத்துகிறவள். பிறந்தது பொன்னேரியைத் தாண்டி, வேப்பங்கழனி என்ற ஊரின் காலனியில். அம்மா சாராள் நடவுக்கும் களைக்கும் போனவள். பெரும்பாலும் ஜானகியம்மாளின் கழனிக்கு. ஜானகியம்மாள் வீட்டில் கொல்லைப்பக்கம் நின்றுதான் கூலி வாங்க வேண்டும். தாகம் என்றால் சொம்பை உயரத் தூக்கிக் கையில் ஊற்றுவார்கள். இதையெல்லாம் ஏஞ்சலின் மறக்கவில்லை. அவள் எதற்கு மறக்க வேண்டும்?

அவள் படித்ததும் இப்போது பாடம் நடத்துவதும் ஒரே துறைதான். அங்கே ஒரு வழக்கம் இருந்தது. ஏற்படுத்தியவர் முதல் பேராசிரியர் பரசுராமன். அறுபதுகளில், வேதியியல் கட்டடத்துக்குப் பின்னால் ஒரு கொட்டகையில், ஒரு தராசையும் சில சல்லடைகளையும் வைத்துக்கொண்டு மண்ணியல் என்று ஒரு பாடத்தையே ஆரம்பித்த மனிதர். முதலாண்டில் சேருகிற ஒவ்வொரு பிள்ளையும் தன் ஊர் மண்ணைக் கொண்டுவர வேண்டும். நிழலில் உலர்த்தி, கட்டி உடைத்து, சலித்து, கண்ணாடிப் பாட்டிலில் போட்டு, மூடிமேல் மெழுகு ஊற்றி, ஊர், வயலின் சர்வே எண், எடுத்தவர் பெயர், வருடம் எல்லாம் எழுதி ஒட்டி அலமாரியில் வைக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் வகுப்புக்குள்ளேயே விடுவார்கள். "இந்த மண்ணுல இன்னைக்கு என்ன தேடணும்னு எனக்குத் தெரியாது. நாளைக்கு ஒருத்தருக்குத் தெரியும். அவருக்காக எடுத்து வை" என்று அவர் சொன்னதாகத் துறையில் வழிவழியாகச் சொல்லிவந்தார்கள்.

அவர் காலத்துக்குப் பிறகும் கொஞ்ச நாள் ஒழுங்காகத்தான் நடந்தது. பழவேற்காட்டு ஓரத்து உவர் நிலத்தில் எந்த நெல் தாங்கும் என்று இந்தத் துறைதான் வயலில் இறங்கிப் பார்த்துச் சொன்னது. மாணவர்கள் மார்பளவு குழி வெட்டி, அதற்குள்ளேயே நின்று, மேல்மண் எது, அடிமண் எது என்று விரலால் தேய்த்துப் பார்த்துப் படித்தார்கள். பிறகு குழி வெட்டுவது நின்றது. குழியின் படத்தைத் திரையில் போட்டார்கள். துறையின் பெயரைக்கூட நாலு வார்த்தை நீளத்துக்கு மாற்றினார்கள். மண் என்ற சொல் அதில் கடைசியில் வரும். பாட்டில் வழக்கம் மட்டும் யாருக்கும் தொந்தரவில்லாததால் தப்பித்துக் கிடந்தது.

ஏஞ்சலின் சேர்ந்தது தொண்ணூற்றெட்டில். ஊர் மண் கொண்டுவா என்றால், காலனிக்காரிக்கு ஏது கழனி? ஜானகியம்மாளிடம்தான் போய் நின்றாள்.

"எங்க மண்ணு உனுக்கு இன்னாத்துக்குடி?"

"படிக்கறதுக்கும்மா."

"மண்ணுல படிக்க இன்னா கீது? சரி, எடுத்துகினு போ. வரப்ப மட்டும் வெட்டிப்புடாத."

களிமண். கறுப்பென்றால் அப்படி ஒரு கறுப்பு. பாட்டிலில் தன் பெயரை எழுதி ஒட்டியபோது ஏஞ்சலினுக்கு அழுகையே வந்துவிட்டது. அவள் குடும்பத்தில் யார் பெயரும் அதுவரை ஒரு பிடி மண்ணோடு சேர்த்து எழுதப்பட்டதில்லை.

அதற்குப் பத்து வருடம் கழித்துப் புதுவாயல் ரோட்டுப் பக்கம் ஓர் ஆலை வந்தது. பழைய பேட்டரிகளை உடைத்து, உள்ளே இருக்கும் ஈயத்தை உருக்கி எடுக்கிற ஆலை. விடிந்தால் வேப்பங்கழனியின் நெற்பயிர்மேல் சாம்பல் படிந்திருக்கும். மாடுகள் வாயில் நுரை தள்ளிச் செத்தன. வருடங்கள் போகப் போகச் சாராளுக்குக் கை நடுங்க ஆரம்பித்தது. சோதித்துப் பார்த்தால் மண்ணெல்லாம் ஈயம். ஊரார் தீர்ப்பாயத்துக்குப் போனார்கள்; மனுவில் முதல் கையெழுத்து ஜானகியம்மாளுடையது.

ஆலைக்காரர்களின் வக்கீல் என்ன சொன்னார் தெரியுமா? இந்த வட்டாரத்து மண்ணே அப்படித்தானாம். ஆலை வருவதற்கு முன்பே ஈயம் இருந்ததாம்! என்ன நெஞ்சழுத்தம் பாருங்கள். நீதிபதியோ ஆதாரம் கேட்டார். ஆலைக்குப் பிறகுதான் ஈயம் வந்தது என்று காட்டினால் உலையை மூடவும், கெட்ட மண்ணை ஆலையின் செலவிலேயே வாரவும் உத்தரவு போடுவார். காட்டாவிட்டால் மனு தள்ளுபடி.

ஜானகியம்மாள் வாழ்க்கையிலேயே முதல் முறையாகக் காலனிக்கு வந்தாள். சாராள் கொடுத்த டீயை வாங்கிக் குடித்துவிட்டு ஏஞ்சலினைப் பார்த்தாள்.

"எங்க கழனி மண்ணு உன்னாண்ட கீதாமே? அப்போ எடுத்துகினு போனியே."

"பத்திரமா கீதும்மா. ஆலை வர்றதுக்கு முன்னாடி மண்ணு. அத்த டெஸ்ட் பண்ணட்டும், குட்டு உடைஞ்சிடும். நீங்க கவலய வுடுங்க."

சொன்னபடி தீர்ப்பாயத்தின் ஆட்கள் வந்து, துறையின் கண்காட்சிக் கூடத்திலிருந்து அந்தப் பாட்டிலை எடுத்து, சீல் வைத்துக்கொண்டு போனார்கள். துறைத்தலைவர் பூவராகவன் 'இது அசல் மாதிரி' என்று கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். ஏஞ்சலின் நிம்மதியாகத் தூங்கினாள்.

முடிவு வந்தது. பாட்டிலில் இருந்த மண்ணில், இன்றைய வயலில் இருப்பதற்குக் கிட்டத்தட்டச் சமமான அளவு ஈயம்.

வக்கீலுக்குக் கொண்டாட்டம். 'ஊர்க்காரர்களே கொடுத்த ஆதாரம், ஊர்ப்பெண்ணே எடுத்துவைத்த மண், ஆலைக்குப் பத்து வருடம் முந்தையது' என்று எழுதிக் கொடுத்துவிட்டார். ஜானகியம்மாள் போனில் பிடித்துக்கொண்டாள்.

"இன்னாடி பண்ணி வெச்ச? கம்பெனிக்காரனாண்ட எவ்ளோ டப்பு வாங்கின?"

ஏஞ்சலின் போனை வைத்துவிட்டு நேராகக் கண்காட்சிக் கூடத்துக்குப் போனாள். வைர விழாவுக்காகத் திறந்த கூடம் அது. கண்ணாடி அலமாரி, உள்ளே மஞ்சள் விளக்கு, வரிசை வரிசையாகப் பாட்டில்கள். விழாவன்று இதையெல்லாம் பார்த்து அவளும் பூரித்துப்போய்த்தான் நின்றாள். இப்போது ஒரு பாட்டிலை வெளியே எடுத்துப் பார்த்தாள். லேபிள் பழையது. ஆனால் மெழுகு இல்லை. மூடி புத்தம்புதுத் தங்க நிறப் பிளாஸ்டிக். அடுத்த பாட்டிலும் அப்படியே. அதற்கடுத்ததும்.

கூடத்தைப் பார்த்துக்கொள்ளும் ஊழியர் தேசப்பனைக் கூப்பிட்டாள்.

"அண்ணே, மெழுகெல்லாம் எங்க?"

"அத்த ஏன் கேக்கற மேடம், ஒரே பேஜாரு. பாட்டில்லாம் பிசுக்கு புடிச்சி, உள்ள மண்ணு கட்டி கட்டியா, பாக்கவே நல்லால்ல. மந்திரி வர்றாரு, எல்லாத்தையும் பளிச்சுன்னு பண்ணுன்னு சார் சொல்ட்டாரு. நீங்கதான் பேப்பர் திருத்தறதுக்கு வெளியூரு பூட்டீங்களே. லேபிள நனையாம பிச்சி எடுத்து, சோடா போட்டுக் கழுவி, ஒண்ணு விடாம திரும்ப ஒட்டினேன். ஒரு பாட்டிலு ஒடையல!"

"உள்ள இருக்கற மண்ணு?"

"ஆலைங்க கழிவுத்தண்ணி போய் சேருதே, அந்த ஏரிய தூர் வார்னாங்க இல்ல? ஒரு டிராக்டரு மண்ணு கொட்னாங்க. நைசா சலிச்சி ரொப்பினோம்."

"பழைய மண்ணு அண்ணே? பழைய மண்ணு?"

தேசப்பன் ஜன்னலுக்கு வெளியே கையைக் காட்டினார். வாசலின் இரண்டு பக்கமும் விழாவுக்காக வைத்த குரோட்டன்ஸ் தொட்டிகள். அத்தனை ஊர் மண்ணும் எருவோடு கலந்து அதற்குள் கிடந்தது. "செடி சோக்கா வந்துகீது பாரு மேடம்" என்றார்.

அந்த மனிதரை என்ன சொல்வது? சொன்ன வேலையைச் செய்தார், நன்றாகவே செய்தார். ஆனால் படித்தவர்கள்? திருத்தணிச் சரளை, பழவேற்காட்டு உவர்மணல், பொன்னேரிக் களி, ஊத்துக்கோட்டைச் செம்மண் எல்லாம் ஒரே நிறத்தில், ஒரே நைசில், விளக்கு வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்தன. மந்திரி கைதட்டினார். துணைவேந்தர் கைதட்டினார். மண்ணைத் தொட்டுப் பார்த்தே ரகம் சொல்வேன் என்று பட்டம் வாங்கிய அத்தனை பேரும் கைதட்டினார்கள். ஒருத்தர் கண்ணிலும் படவில்லை. தன் கண்ணிலும் படவில்லையே என்பதுதான் ஏஞ்சலினுக்குத் தாளவில்லை.

பூவராகவனின் அறைக்குள் அவள் கதவைத் தட்டாமல் நுழைந்தாள்.

"பாட்டிலைக் கழுவினதுகூட இருக்கட்டும் சார். மாத்தினது தெரிஞ்சும் அசல்னு ஏன் கையெழுத்துப் போட்டீங்க?"

"டிஸ்பிளேக்கு வெச்சது மேடம். அதை யாராவது டெஸ்டுக்குக் கேப்பாங்கன்னு கண்டோமா? கேட்டாங்க. இல்லைன்னு சொன்னா அசிங்கம்." அவர் குரலைத் தணித்துக்கொண்டார். "தர மதிப்பீட்டுக் குழு வரப்போகுது. இப்பப் போய் இதைக் கிளறினா துறையையே இழுத்து மூடிடுவாங்க. உங்க வேலையும் அதுலதான் இருக்கு, ஞாபகம் வெச்சுக்குங்க."

"ஒரு ஊரு சோத்துல விஷம் கலந்திருக்கு சார்."

"அதுக்கு நாம என்ன பண்ண முடியும்? நாம கல்வி நிறுவனம்."

"இப்படி ஒரு துறை மூடினாத்தான் என்ன?" என்று சொல்லிவிட்டு ஏஞ்சலின் வெளியே வந்தாள். வேலை போனால் அம்மாவின் மருந்துக்கு என்ன செய்வது என்ற பயம் இல்லாமல் இல்லை. அம்மாவின் கை நடுக்கம் எங்கிருந்து வந்தது என்று நினைத்ததும், பயத்தை ஆத்திரம் விழுங்கிவிட்டது.

அடுத்த விசாரணையில் அவள் சாட்சி சொன்னாள். பாட்டில் என்னுடையது, பெயர் என்னுடையது, உள்ளே இருக்கும் மண் எங்கள் ஊருடையது இல்லை என்றாள். வக்கீல் எழுந்தார்.

"உங்கள் தாயார் மனுதாரரின் வயலில் கூலிவேலை செய்தவர்தானே? ஆக, நீங்கள் அவர்களுக்கு வேண்டப்பட்டவர்."

"வேண்டப்பட்டவங்களா? எங்களுக்குக் கையில தண்ணி ஊத்தின வீடு சார் அது. அவங்களுக்காக நான் இங்க வரல. அந்தச் சேத்துல வெறுங்காலோட நின்னது எங்கம்மா. ஈயத்துக்கு ஊருன்னும் காலனின்னும் தெரியாது."

"பல்கலைக்கழகமே அசல் என்று சான்று கொடுத்திருக்கிறது. அதைவிட உங்கள் வாய்வார்த்தை பெரிதா?"

"கொடுத்தவர் இதோ உக்காந்திருக்காரு. அவரையே கேளுங்க."

நீதிபதி பூவராகவனைக் கூண்டுக்கு அழைத்தார். சத்தியம் செய்துவிட்டு மனிதர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார், கழுத்தைத் துடைத்தார். பொய்ச்சத்தியம் செய்தால் ஜெயில் என்று யாரோ சொல்லியிருப்பார்கள் போலிருக்கிறது.

"மாத்தினது உண்மைதான் ஐயா. விழாவுக்காக... ஆனா வேற எங்கேயோ இருந்து கொண்டு வரல. எல்லாம் நம்ம மாவட்டத்து மண்ணுதான்."

கடைசி வரிசையிலிருந்து ஜானகியம்மாள் எழுந்துவிட்டாள். "மாவட்டத்து மண்ணா? நீயெல்லாம் இன்னாயா படிச்ச? ஒரு கழனி மண்ணு பக்கத்துக் கழனியில கீதா? எங்க ஊட்டு அரிசி ஒரு மூட்ட அனுப்பறேன், ஆக்கித் துன்னு பாரு, உன் புள்ளைங்களுக்கும் போடு!" காவலர் வந்து உட்காரச் சொன்னார். அவள் உட்காரவில்லை. நீதிபதியும் அதட்டவில்லை.

பாட்டிலும் சான்றும் செல்லாது என்று உத்தரவானது. ஊரார் நம்பியிருந்த ஆதாரம் அவர்கள் தவறில்லாமல் அழிந்துவிட்டது; ஈயம் முன்பே இருந்தது என்று சொல்வது ஆலை என்பதால், இனி அதை ஆலைதான் நிரூபிக்க வேண்டும். அதுவரை உலை எரியக் கூடாது. ஊர்க்காரர்கள் வெளியே வந்து ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டார்கள். ஜானகியம்மாள் ஏஞ்சலினின் கையைப் பிடித்தாள். மன்னிப்பெல்லாம் அவள் வாயில் வராது.

"நாஷ்டா துன்னியா, இல்லியா?" என்று மட்டும் கேட்டாள்.

ஏஞ்சலினுக்குச் சிரிப்பு வரவில்லை. உலை அணைந்தது நல்லதுதான். ஆனால் ஜெயித்தது அவளுடைய மண் இல்லையே. அந்த மண் இருந்திருந்தால் ஒரே நாளில் முடிந்திருக்கும் வழக்கு. இனி ஆலைக்காரன் மேல்முறையீடு போவான், வாய்தா வாங்குவான், எங்கிருந்தாவது ஒரு நிபுணரைப் பிடித்துக்கொண்டு வருவான். ஒரு மந்திரியின் ஐந்து நிமிடப் பார்வைக்காக இத்தனையும்!

படியிறங்கும்போது ஒருவர் குறுக்கே வந்து கும்பிட்டார். வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார், கையில் மஞ்சள் பை. பெயர் சடையப்பன் என்றும், தேர்வாய் கண்டிகைப் பக்கம் ஒரு கிராமம் என்றும் சொல்லிக்கொண்டார்.

"உள்ள நீங்க பேசனத கேட்டுகினு இருந்தேம்மா. எங்க ஊருக்கும் இதே தலைவலிதான், வேற கம்பெனி. எங்க சின்ன நைனா உங்க காலேஜிலதான் படிச்சாரு. அந்தக் காலத்துலயே எங்க கழனி மண்ண பாட்டில்ல போட்டு உங்களாண்ட குடுத்துகீறாரு. அத்த நம்பித்தான் கேசு போட்டுகீறோம், அடுத்த மாசம் வருது. எங்க பாட்டிலாவது நல்லா கீதாம்மா?"

ஏஞ்சலின் ஜானகியம்மாளின் கையை விட்டாள்.

"இல்லீங்க" என்றாள். "உங்க ஊருதும் இல்ல. எந்த ஊருதும் இல்ல."

அவர் நம்பவில்லை. "ஒண்ணுகூடவா? அத்தினி படிச்சவங்க கீறீங்களே அங்க?"

"மொத்தத்தையும் பூந்தொட்டியில கொட்டிட்டாங்க" என்றாள் ஏஞ்சலின்.

"அப்போ நாங்க இன்னாத்தம்மா கொண்டாந்து காட்டறது?"