எல்லம்மா பிளேட்டின் பின்பக்கம்

மத்தூர்ச் சந்தைக்கு எதிரே பஸ் ஏறி உட்கார்ந்தேன். கண்டக்டர் டிக்கெட்டைக் கிழிக்காமல் நின்றார். "டீச்சர், சேதி தெரியுமா? கெலமங்கலத்து பிளேட்டம்மா தவறிட்டாங்க. காய்ச்சல்னு படுத்தாங்களாம், எழுந்திருக்கவே இல்லியாம்" என்றார். எனக்கு முதலில் அழுகை வரவில்லை. அது என்ன பிளேட்டம்மா, எல்லம்மாவின் அந்த இசைத்தட்டில் நானும்தானே பாடியிருக்கிறேன் என்றுதான் தோன்றியது. அழுகை கிருஷ்ணகிரிக்குக் கிட்டத்தில்தான் வந்தது.

எல்லம்மாவைத் தெரிந்தவர்கள் இதைப் படிப்பீர்கள். இறந்தவரை 'அவர்' என்று எழுதுவதுதான் முறை. எனக்குக் கை வரவில்லை, மன்னியுங்கள். தங்கமானவள், வெள்ளை மனசுக்காரி என்று நீங்கள் எல்லோரும் சொல்லிவிட்டீர்கள். எனக்கு அவள்மேல் இருந்தது பொறாமை. அவளுக்கும் அது தெரியும், முகத்துக்கு நேராகவே பலமுறை சொல்லியிருக்கிறேன். அப்போதெல்லாம் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள்.

ஓசூர்த் தேர்த் திருவிழாவில்தான் எங்கள் வழக்கு ஆரம்பித்தது. பெங்களூரிலிருந்து வந்திருந்த இசைத்தட்டுக் கம்பெனிக்காரர்கள் பந்தல் போட்டுப் பாட்டுப் போட்டி வைத்தார்கள். ஜெயிப்பவர் பாட்டை பிளேட்டாகப் போடுவோம் என்றார்கள். நான் முறையாகச் சங்கீதம் படித்தவள். முருகன்மேல் ஒரு பாட்டைச் சுருதி பிசகாமல் பாடிவிட்டு உட்கார்ந்தேன். ஜனங்கள் மரியாதையாகக் கை தட்டினார்கள். அடுத்து எல்லம்மா வந்தாள். கல்யாண வீட்டில் மாப்பிள்ளையைக் கேலி செய்யும் நலுங்குப் பாட்டைத் தெலுங்கில் ஆரம்பித்தாள், நடுவில் கன்னடத்துக்குத் தாவினாள், தமிழில் கொண்டுவந்து முடித்தாள். நம் ஊர்க் கல்யாணங்களில் பெண் வீட்டார் ஒரு மொழி பேசுவார்கள், பிள்ளை வீட்டார் இன்னொன்று பேசுவார்கள், சமையல்காரர் மூன்றாவதில் திட்டுவார். அதனால் பந்தலில் இருந்த ஒவ்வொருவருக்கும் அவள் தன் வீட்டுக்காரியாகத் தெரிந்தாள். முதல் பரிசு அவளுக்குப் போயிற்று.

எனக்கு இரண்டாம் பரிசு. கம்பெனிக்காரர் என்னிடம் வந்து, "பிளேட்டுக்கு ரெண்டு பக்கம் இருக்குங்கம்மா. பின்பக்கம் சும்மா கெடக்கக் கூடாது, நீங்க பாடிக் குடுத்துடுங்க" என்றார். வீட்டில் மீதியான மாவில் தோசை வார்ப்பதுபோல என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். போகமாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். ஆசை விடவில்லை.

ஒலிப்பதிவுக்கு இருவரும் ஒரே பஸ்ஸில் பெங்களூர் போனோம். ஜூஜுவாடி தாண்டும்வரை நான் தொண்டை காயக்கூடாதென்று பனங்கற்கண்டை வாயில் அடக்கிக்கொண்டிருந்தேன். அவள் என் தோளில் சாய்ந்து குறட்டை விட்டாள். அங்கே போய்ப் பாடும்போதுதான் அந்தத் தவறு நடந்தது. நலுங்குப் பாட்டில் மாப்பிள்ளையின் பெயர் வரும் இடம் ஒன்று உண்டு. யார் கல்யாணமோ அந்த மாப்பிள்ளையின் பெயரை அங்கே சேர்த்துப் பாடுவார்கள். பிளேட்டில் வெறுமனே 'மாப்பிள்ளை' என்று பாடுவதாகப் பேசி வைத்திருந்தோம். விளக்கு எரிந்து, ஊசி ஓட ஆரம்பித்ததும் எல்லம்மா பழக்கதோஷத்தில், முந்தின வாரம் தான் பாடிய கல்யாணத்து மாப்பிள்ளையின் பெயரைச் சொல்லிவிட்டாள். "எங்க மாப்பிள்ளை முனிசாமிக்கு மூக்குமேல கோபமா?" என்று கணீரென்று விழுந்துவிட்டது.

நான் உடனே எழுந்து, "சார், இது தப்பு. எல்லா மாப்பிள்ளையும் முனிசாமி இல்லை" என்றேன். கம்பெனிக்காரர், "கேக்க நல்லா இருக்கேம்மா, இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டார். அப்புறம் நடந்தது உங்களுக்குத் தெரியும். ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரிவரை எந்தக் கல்யாணமானாலும், மாமரத்தில் கட்டிய ஒலிபெருக்கிக் குழாய், மாப்பிள்ளை யாராயிருந்தாலும் அவனை முனிசாமி என்று கூப்பிட்டது. பந்தல் குலுங்கச் சிரித்தது. முனிசாமி வராமல் நலுங்கு நிறையாது என்று ஆகிவிட்டது. நான் ஒரு சொல் பிசகாமல் பாடிய பாட்டு பின்னால் கிடந்தது. அவள் தப்பாகப் பாடினாள், அந்தத் தப்புக்கும் கைதட்டல் வாங்கினாள். வயிறு எரியாமல் என்ன செய்யும்?

போட்டியில் ஜெயித்த புதிதில் எல்லம்மாவை ஊர் ஊராகக் கூப்பிட்டார்கள். பட்டுப்புடவை கட்டினாள், மேடை ஏறினாள். பிளேட் பரவியதும் கூப்பிடுவது குறைந்து, கடைசியில் நின்றே போயிற்று. மைக் செட்டோடு அவள் குரலும் வந்துவிடுகிறபோது அவள் எதற்கு? ஒருநாள் அவளைப் பார்க்கக் கெலமங்கலம் போனேன். கேழ்வரகுக் கொல்லையில் களை எடுத்துக்கொண்டிருந்தாள். பக்கத்து ஊர்க் கல்யாணத்துக் குழாயில் அவள் பாட்டுத்தான் கேட்டது. "பாத்தீங்களா டீச்சர், என் பாட்டு கல்யாணச் சாப்பாடு சாப்பிடுது. நான் இங்க களை புடுங்கறேன்" என்றாள். நான் ஆறுதல் சொல்லவில்லை. "உன் பாட்டாவது சாப்பிடுகிறது. என் பாட்டு பட்டினி கிடக்கிறது" என்றேன். களைக்கொத்தைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாள்.

அதே வருஷம் ஓசூரில் எங்கள் இருவருக்கும் தெரிந்த வீட்டுக் கல்யாணம். மைக் செட்காரரிடம் போய், ஒரே ஒரு தடவை பிளேட்டைத் திருப்பிப் போடும்படி வெட்கத்தை விட்டுக் கேட்டேன். போட்டார். என் குரல் பந்தலில் ஏறி, பல்லவி முடிவதற்குள் "யோவ், முனிசாமியப் போடுய்யா" என்று பந்தியிலிருந்து சத்தம் வந்தது. அவர் கை ஊசிக்குப் போயிற்று. பந்தியில் பரிமாறிக்கொண்டிருந்த எல்லம்மா சாம்பார் வாளியோடு வந்து அவர் முன்னால் நின்றாள். "கைய எடு நைனா. அந்தம்மா பாட்டு முழுசா ஓடட்டும். அவசரப்பட்டவங்களுக்கு நான் நேர்லயே பாடறேன்" என்றாள். என் பாட்டு கடைசிவரை ஓடியது. அன்று ஊரார் பேசியதெல்லாம் எல்லம்மாவின் பெரிய மனசைப் பற்றித்தான். என் பாட்டு எப்படி இருந்தது என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை.

நான் அவளைக் கடைசியாகப் பார்த்தபோது, பிளேட் தேய ஆரம்பித்துவிட்டது என்று சொன்னாள். "என் பக்கம் கரகரங்குது. உங்க பக்கம் பத்திரமா இருக்கு டீச்சர். நான் போனாலும் நீங்க பாடிட்டே இருப்பீங்க" என்றாள். குத்திக் காட்டுகிறாளோ என்று சந்தேகப்பட்டு, அவள் முகத்தைப் பார்த்தேன். அப்படி ஒன்றும் இல்லை. அவளுக்குக் குத்தத் தெரியாது. அதுவும் எனக்கு ஆத்திரம்தான்.

அவள் போன பிறகு, மத்தூரில் சென்ற வாரம் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். நலுங்கு வைக்கும் நேரத்தில் வழக்கம்போல அந்த பிளேட்டைப் போட்டார்கள். ஊசி வழுக்கிக்கொண்டு போயிற்று. கரகரப்பு ஒன்றுதான் கேட்டது. மைக் செட்காரர் திருப்பிப் போட்டார். என் குரல் இன்றைக்குப் பாடியதுபோலத் தெளிவாக எழுந்தது. மாற்றச் சொல்லி யாரும் கத்தவில்லை. இத்தனை வருஷம் நான் கேட்டது இதைத்தான். என்னால் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை. "நிறுத்துங்கள்" என்று சொல்லிவிட்டேன்.

பாட்டில்லாமல் நலுங்கு எப்படி வைப்பது? பெண்கள் என் பக்கம் திரும்பினார்கள். "டீச்சர், நீங்கதான் கூடவே இருந்தவங்க. எல்லம்மா பாட்ட நீங்க பாடுங்க" என்றார்கள். அதுவரை அந்தப் பாட்டை நான் வாய்க்குள்கூட முணுமுணுத்ததில்லை. ஆனால் முழுதும் தெரிந்திருந்தது. தெலுங்கில் ஆரம்பித்தேன், கன்னடத்தில் நடந்தேன், தமிழுக்கு வந்தேன். மாப்பிள்ளையின் பெயர் ராமச்சந்திரன். அழைப்பிதழில் படித்திருந்தேன், எதிரேயே உட்கார்ந்திருந்தான். அந்த இடம் வந்தது. என் வாயில் வந்தது முனிசாமி.

பந்தல் சிரித்த சிரிப்பு ரோடுவரை கேட்டிருக்கும். பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்கள். என் பாட்டுக்கு ஒரு பந்தல் இப்படிச் சிரித்து நான் கண்டதில்லை. ஒரு நொடி அது எனக்கென்றே நினைத்துவிட்டேன்.

எல்லம்மாவிடமிருந்து என்னிடம் தங்கியிருப்பது அந்தப் பெயர் ஒன்றுதான். இனி எந்தக் கல்யாணத்தில் பாடச் சொன்னாலும் அந்த இடத்தில் முனிசாமி என்றே பாடுவேன். சிரிப்பும் வரும். அவள் இல்லாத பந்தலிலும் அது அவளுக்குத்தான் போய்ச் சேரும்.