செல்லம்மா கதைக்கு உம் கொட்டிய குரல்

பேய், ஆவி என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். மாத்தளை டவுனில் ரேடியோவும் கிராமபோனும் பழுது பார்த்தவன். எந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தேடிப் பிடிப்பதுதானே என் பிழைப்பு. இதையும் அப்படித்தான் தேடினேன். நீங்கள் நம்பினாலும் சரி, சிரித்தாலும் சரி.

இரண்டாம் உலக யுத்தம் முடிந்த சமயம். தேயிலைத் தோட்டத்தைப் பற்றிச் சின்னதாக ஒரு படம் எடுக்கக் கொழும்பிலிருந்து வந்த வெள்ளைக்காரத் துரை ஒருவர், ஒலிப்பதிவுக்கு என்னை இரத்தோட்டைக்கு மேலே ஒரு தோட்டத்துக்குக் கூட்டிப்போனார். தாய் பிள்ளைக்குக் கதை சொல்கிற காட்சி. படம் எடுத்தாயிற்று, குரலைத் தனியாக இசைத்தட்டில் பதிய வேண்டும். தோட்டத்து ஆட்கள் குடியிருக்கிற லயத்தில் பதிந்தால் நாய் குரைப்பது, குழாயடிச் சண்டை, தகரத்தில் காற்று எல்லாம் மைக்கில் விழுந்தது. அதனால் ஃபேக்டரி ஓடாத ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கொழுந்து வாட்டுகிற மேல்மாடியில் மைக்கை வைத்தேன். அங்கே வரிசை வரிசையாகச் சாக்குத்துணி கட்டியிருப்பார்கள், எதிரொலியே இருக்காது. கதவைச் சாத்தினோம். உள்ளே துரை, நான், கொழுந்து பறிக்கிற செல்லம்மா, அவ்வளவுதான்.

அவள் ஒரு நரிக்கதை சொன்னாள். ஒவ்வொரு வரிக்கும் கொஞ்சம் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டேன், அவள் குரலைத் தவிர வேறு ஒரு சத்தமும் இல்லை, சத்தியமாகச் சொல்கிறேன்.

பதிந்ததைப் போட்டுக் காட்டினேன். அவள் நிறுத்திய முதல் இடத்தில் "ம்" என்றது ஒரு பிள்ளைக் குரல். அடுத்த இடத்திலும் "ம்". நான் சாக்குத்துணிகளுக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன், படிக்கட்டுக்குக் கீழே பார்த்தேன், ஊசியை மாற்றினேன். அது போகவில்லை.

செல்லம்மா பயப்படவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"எம்புள்ள அய்யா அது. காய்ச்சல்ல போயிட்டான். தூங்குற மட்டும் இப்புடித்தான் உம் கொட்டுவான். இன்னொருக்கா போடுங்க."

இந்தத் தட்டு ஆகாது, உடைத்துப் போட்டுவிட்டு வேறொன்று பதி என்றார் துரை. உடைத்தால் வாயே திறக்க மாட்டேன் என்று அவள் தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். துரை விட்டுக்கொடுத்தார். இரண்டாவது பதிவில் அவள் குரல் மட்டும்தான் இருந்தது. படத்துக்கு அதுதான் போனது.

அவளிடம் கிராமபோன் ஏது? தட்டு என் கடையில் இருந்தது, சம்பளம் வாங்கினால் பஸ் ஏறி வந்து கேட்டுவிட்டுப் போவாள். அந்தத் தட்டு மென்மையானது, போடப் போட ஊசி தேய்த்துவிடும் என்று சொல்லிப் பார்த்தேன்.

"தேஞ்சா தேயட்டுங்க," என்றாள்.

தேய்ந்ததுதான். அவள் குரல் மங்கி, முணுமுணுப்பாகி, கரகரப்பில் கரைந்தது. நம்ப மாட்டீர்கள், அதே தட்டு, அதே ஊசி, "ம்" மட்டும் மங்கவே இல்லை.

ஒரு மழைக்காலத்துக்குப் பிறகு அவள் வரவில்லை. செத்துப்போனாள் என்று தோட்டத்து ஆள் ஒருவர் சொன்னார். அன்றைக்குக் கடையில் தனியாக அந்தத் தட்டைப் போட்டேன். அவள் குரல் துளியும் இல்லை. கரகரப்புக்கு நடுவே "ம்", "ம்" என்று அது மட்டும். கதை முடிகிற இடம் எனக்கு மனப்பாடம். அதற்குப் பிறகு தட்டில் எதுவுமே பதியவில்லை. ஆனால் ஊசி அந்த வெற்று இடத்துக்குப் போன பிறகும் பிள்ளை நிறுத்தவில்லை. விட்டு விட்டு உம் கொட்டிக்கொண்டே இருந்தான், அடுத்த கதையை யாரோ தொடங்கிவிட்ட மாதிரி.