காகத்துக்குத் தெரிந்த முகம்

என் வீட்டுக்காரருக்கு லிப்ட் பழுதுபார்க்கும் வேலை. உயரமான கட்டடங்களின் இருட்டுக் குழிக்குள், லிப்ட் பெட்டியின் தலைமேல் நின்றுகொண்டு, வாயில் டார்ச்சைக் கவ்வியபடி நட்டு முடுக்குகிற மனுஷர். அப்படிப்பட்டவர் இப்போது சொந்த வீட்டு கேட்டைத் தாண்டுவதற்கு ஹெல்மெட் போட்டுக்கொள்கிறார். வண்டி ஓட்ட இல்லை, பால் வாங்கி வர.

எல்லாம் அவர் செய்த நல்ல காரியத்தால் வந்த வினை. கேட்டுக்கு வெளியே நிற்கும் மரத்தில் ஒரு ஜோடி காகம் கூடு கட்டியிருந்தது. ஒரு சாயங்காலம் குஞ்சு ஒன்று கீழே விழுந்துவிட்டது. பேசாமல் விடுங்கள் என்று நான் சொல்லச் சொல்ல, கைக்குட்டையில் ஏந்தி மதில்மேல் வைத்தார். விடிந்து பார்த்தால் குஞ்சைக் காணோம். பூனை வேலைதான். ஆனால் காகங்கள் கடைசியாகப் பார்த்தது இவர் கையில். அன்றிலிருந்து இவர் தலை தெரிந்தால் போதும், இரண்டும் இறங்கிவிடும். சட்டையை மாற்றினாலும் குடை பிடித்தாலும் விடுவதில்லை. என்னைத் தனியாகக் கண்டால் ஏறெடுத்தும் பார்க்காது. இவரோடு சேர்ந்து போனால் எனக்கும் கொத்து உண்டு. ஒருநாள் இவர் ஜாடையில் இருக்கும் சித்தப்பா மகன் வந்தார். விசாரணையே இல்லாமல் அவர் தலையிலும் ரெண்டு விழுந்தது.

எனக்கு அப்போதெல்லாம் சிரிப்பாகத்தான் இருந்தது. என் நாத்தனார் குறைமாதத்தில் பிள்ளை பெற்றதும் சிரிப்பு போய்விட்டது. உள்ளங்கையில் அடங்கிவிடும் குழந்தை. கண்ணாடிப் பெட்டிக்குள் வாரக்கணக்கில் கிடந்து பிழைத்தது. என் மாமியார் உயிரோடு இல்லை. நாத்தனாருக்குப் பிறந்த வீடு என்றால் நாங்கள்தான். ஆஸ்பத்திரியிலிருந்து நேராக இங்கேதான் வரப்போகிறாள். "அண்ணன்தான் கார்லேர்ந்து தூக்கிட்டுப் போகணும்" என்று போனில் சொல்லியிருந்தாள்.

அதிலிருந்து இவருக்குச் சோறு இறங்கவில்லை. தட்டில் கோலம் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

"புள்ளைக்கு உச்சிக்குழி இன்னும் மூடலையாம். தொட்டா துடிக்குதாம்."

"துணியைப் போத்தித் தூக்கிட்டு வரலாங்க."

"துணிக்கு மேல கொத்தினா?"

கிளையை வெட்ட ஆள் கூப்பிடலாமா என்றேன்.

"கூட்டுல இன்னொரு குஞ்சு இருக்கு. அதுவும் விழுந்துச்சுன்னா, இருக்கற பகை போதாதா?"

கார் தெருமுனையில் திரும்பிய அன்று கேட்டருகே நின்றார். தலையில் ஹெல்மெட் இல்லை. எடுத்துக்கொண்டு ஓடினேன். வாங்கவில்லை.

"வேணாம். அதுங்களுக்கு நல்லா அடையாளம் தெரியட்டும். நீ புள்ளையைத் தூக்கிட்டு உள்ள போ."

சொல்லிவிட்டு, கார் வருவதற்கு எதிர்த்திசையில் நடக்க ஆரம்பித்தார். இரண்டும் பாய்ந்து வந்தன. அவர் ஓடவில்லை. கண்ணை மட்டும் கையால் மறைத்துக்கொண்டு அவற்றைக் கூட்டிக்கொண்டு போனார். ரொம்ப தூரம் போனால் கூட்டுக்குத் திரும்பிவிடும் என்று நாலு வீடு தள்ளி மின்கம்பத்தடியிலேயே நின்றார். அவை மாறி மாறிக் கொத்தின. தெருவே சிரித்தது. எனக்கு அழுகை வந்தது.

கார் நின்றதும் குழந்தையை வாங்கி முந்தானைக்குள் பொத்திக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன். மரம் அமைதியாக இருந்தது.

நாத்தனார் பின்னாலேயே வந்து சுற்றுமுற்றும் பார்த்தாள். "அண்ணன் எங்க அண்ணி?"

"வேலையா இருக்காரும்மா."

போன் அடித்தது. அவர்தான். காகச் சத்தத்தில் குரலே சரியாகக் கேட்கவில்லை.

"உள்ள போயாச்சா?"

"போயாச்சு. ஒண்ணும் ஆகலை. தூங்குது."

பெருமூச்சு விட்டார். பிறகு ஆசையாக, "யாரு ஜாடை?" என்றார்.

முந்தானையை விலக்கிப் பார்த்தேன். பொய் சொல்ல மனம் வரவில்லை.

"அப்படியே உங்க மூஞ்சிதான்."

போனில் காகச் சத்தம் இன்னும் பலமாகக் கேட்டது.

"அப்ப ஜன்னலைச் சாத்து" என்றார்.