உயிரோடு பிடிக்க வேண்டிய மான்

அல் ஐன் பக்கத்தில் ஒரு மஸ்ராவில் எனக்குத் தோட்ட வேலை. மஸ்ரா என்றால் பண்ணை. பேரீச்சை மரங்கள், கொஞ்சம் ஆடு, வேலி போட்ட பெரிய மணல்காடு, அதற்குள் எங்கள் முதலாளி அர்பாப் வளர்க்கிற மான்கள். வெளியே மான் சுட்டால் போலீஸ் பிடித்து ஜெயிலில் வைத்துவிடும். இது முதலாளியின் மான், முதலாளியின் வேலி, யார் கேட்பது? குளிர்காலத்தில் பெரிய விருந்தாளி வந்தால் துப்பாக்கியைக் கையில் கொடுத்து ஒன்றைச் சுடச் சொல்வார். அது மரியாதையாம்.

சுட்டதைச் சமைப்பவர் எங்கள் சமையல்காரர். அவர் ராமநாதபுரம் கடற்கரை முஸ்லிம், நான் அதே ஜில்லாவில் உள்ளே தள்ளிக் கருவேலங்காடு. எங்கள் பக்கத்தில் இந்துவும் முஸ்லிமும் முறை வைத்துத்தான் கூப்பிட்டுக்கொள்வோம். அவர் எனக்கு மாமா, நான் அவருக்கு மாப்ளே. துபாய் கராமாவில் ஒரு பேச்சிலர் மெஸ்ஸில் பல வருஷம் வெந்துவிட்டு இங்கே வந்தவர். வயது அறுபதைத் தாண்டிவிட்டது, முழங்கால் இரண்டும் போய்விட்டன. அந்த மாதத்தோடு அவருடைய விசா முடிகிறது. புதுப்பிப்பதா, ஊருக்கு அனுப்புவதா என்று அர்பாப் வாயைத் திறக்கவில்லை.

"இன்னும் ஒரே ஒரு விசா போதும் மாப்ளே. கடைசிப் பொம்பளப் புள்ளையக் கரையேத்திட்டா, அப்புறம் அவுக அனுப்ப வேணாம், நானே போயிடுவேன்" என்பார். தினமும் இதே பேச்சுத்தான். கேட்டுக் கேட்டு எனக்கு எரிச்சல் வந்ததும் உண்டு.

அன்றைக்கு வந்த விருந்தாளி ஒரு வெள்ளைக்காரர். அவர் குறி மொத்தமாகத் தப்பியிருந்தால் எல்லாருக்கும் நன்றாக இருந்திருக்கும். குண்டு மானின் வயிற்றில் பட்டது. ஒரு துள்ளு துள்ளிவிட்டு மணல்மேட்டுக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. சுட்டவர் முஸ்லிம் இல்லை என்பதால், உயிர் போவதற்குள் ஒரு முஸ்லிம் பிஸ்மி சொல்லி அதை அறுத்தாக வேண்டும். இல்லாவிட்டால் கறி ஹராம், யாரும் தொட மாட்டார்கள். மான்களைப் பார்த்துக்கொள்ளும் சூடானிக்காரர் லீவில் போயிருந்தார். அர்பாப் மாமாவைப் பார்த்து "யல்லா, கிளம்பு" என்றார். அப்புறம் விருந்தாளியைக் கூட்டிக்கொண்டு விருந்தாளிக் கூடமான மஜ்லிஸில் காவா காபி குடிக்கப் போய்விட்டார். வேலிக்குள் முழுக்கச் சொட்டுநீர்க் குழாய் ஓடுவதால் வண்டி எடுக்கவும் கூடாது. சுடுவது அவர்கள், ஓடுவது நாங்கள்.

மாமா கத்தியைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டார். முகத்தில் ஒரு தெளிவு வந்திருந்தது. "இன்னைக்கு இந்தக் கறி நல்லபடியா அமைஞ்சுட்டா, சாப்பாட்டுக்கு அப்புறம் விசா பேச்ச எடுத்துடுவேன் மாப்ளே."

வயிற்றில் அடிபட்ட மானை உடனே துரத்தக் கூடாது என்று சூடானிக்காரர் சொல்லியிருக்கிறார். விட்டுவிட்டால் கிட்டத்திலேயே படுத்துவிடும், துரத்தினால் மூச்சு இருக்கிறவரை ஓடும். ஆனால் படுத்த இடத்தில் அது செத்துப்போனால் எங்களுக்கு ஆகாதே. முன்னால் போனால் கடிக்கிறது, பின்னால் வந்தால் உதைக்கிறது. மாமாதான் முடிவு செய்தார். "வா, போயிடுவோம்."

மணலில் ரத்தம் சொட்டுச் சொட்டாகத்தான் கிடந்தது. ஒரு பின்னங்காலை இழுத்துக்கொண்டு போன கோடு அதைவிடத் தெளிவாகத் தெரிந்தது. காற்று எழும்பியிருந்ததால் மேட்டில் அந்தக் கோடும் அழிந்துவிடும். இறக்கத்தில் தேடித் திரும்பப் பிடிப்போம். இரண்டு முறை அது படுத்து எழுந்த இடத்தைப் பார்த்தோம். இரண்டிலும் ரத்தம் ஈரமாக இருந்தது. எங்கள் சத்தம் கேட்டுத்தான் எழுந்து ஓடியிருக்கிறது. மாமா மணலில் கால் புதையப் புதைய வந்துகொண்டிருந்தார். கடைசியில் ஒரு மேட்டடியில் உட்கார்ந்துவிட்டு, "நீ போ, போய்ப் புடிச்சு வை, நான் வந்துடுறேன்" என்று கையை ஆட்டினார்.

வேலி ஓரத்து வன்னி மரத்தடியில் அது கிடந்தது. அதற்கு மேல் ஓட இடமில்லை. நான் பக்கத்தில் போனபோது எழப் பார்த்தது, முடியவில்லை. கழுத்தை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, "மாமா! கிடைச்சிருச்சு!" என்று கத்தினேன். அதன் வயிற்றைப் பார்க்க முடியவில்லை. பேரீச்சை மட்டை வெட்டும் கத்தி என் இடுப்பில்தான் இருந்தது. ஆட்டை அறுத்துப் பழகிய கை எனக்கு, ஒரு இழுப்பில் முடித்துவிடுவேன். ஆனால் என் கை பட்டால் கறி போச்சு, கறியோடு மாமாவின் விசாவும் போச்சு. அதனால் வேதனையில் கிடந்த உயிரை, 'செத்துடாதே, கொஞ்சம் பொறு' என்று கெஞ்சிக்கொண்டு பிடித்து வைத்திருந்தேன். அப்படி ஒரு கெஞ்சலை நான் எந்த மனுஷனிடமும் கெஞ்சியதில்லை. எனக்கு அழுகை வந்தது.

மேட்டின்மேல் மாமாவின் தலை தெரிந்தது. இறக்கத்தில் விழுந்து எழுந்து வந்தார். வந்து முட்டி போட்டு, மக்கா இருக்கும் கிப்லா பக்கமாக மானைத் திருப்பி, கத்தியை எடுத்தார்.

அதற்குள் என் மடியில் பாரம் கூடியிருந்தது. எனக்குத் தெரிந்துவிட்டது. "உயிர் இருக்கு மாமா, சீக்கிரம்" என்றேன்.

அவர் ஒரு விரலால் மானின் கண்ணைத் தொட்டார். அது மூடவில்லை. இன்னொரு முறை தொட்டுப் பார்த்துவிட்டு, கத்தியைத் திரும்பத் துணியில் சுற்றினார்.

"யாரு பாத்தா மாமா? நானும் நீங்களும்தான். அறுத்துடுங்க. உங்க புள்ளைய நெனைச்சுப் பாருங்க."

"நான் திங்காதத மத்தவுகளுக்கு எப்படி மாப்ளே போடுவேன்?" என்றார். மூச்சு வாங்கியது.

மஜ்லிஸ் வாசலில் நின்று, "மாஃபி ஹலால், அர்பாப்", ஹலால் ஆகவில்லை என்று உள்ளதைச் சொன்னார். நான் திட்டு விழும் என்று காத்திருந்தேன். அர்பாப் திட்டவே இல்லை. டிரைவரை டவுனுக்கு அனுப்பி, அரபுக் கறிச்சோறான மந்தி வாங்கிவரச் சொன்னார். விருந்தாளிக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை, நன்றாகச் சாப்பிட்டார்.

சாப்பாடு முடிந்ததும் அர்பாப் சமையல்கட்டுக்கே வந்து மாமாவின் தோளில் கை வைத்தார். இந்தியில், ரொம்ப அன்பாகப் பேசினார். நீ உண்மையைச் சொன்னாய், நல்ல மனுஷன். ஆனால் உன்னால் ஓட முடியவில்லையே பாய், ஒரு மானுக்குக்கூட நேரத்துக்குப் போய்ச் சேர முடியவில்லை. ஊருக்குப் போய் ரெஸ்ட் எடு. கலாஸ், முடிந்தது.

மறுநாள் அந்த வன்னி மரத்தடியிலேயே மானைப் புதைத்தேன். நான் வேண்டாம் என்றாலும் கேட்காமல் மாமா கூடவே நின்று மண்ணைத் தள்ளினார். அந்த மாதமே போய்விட்டார்.

புதிதாக வந்திருக்கிற சமையல்காரனுக்கு முழங்கால் நன்றாக இருக்கிறது. ஆனால் அதற்குப் பிறகு இங்கே யாரும் மான் சுடவில்லை. விருந்தாளி வந்தால் டவுனிலிருந்து மந்திதான் வருகிறது. மாமா வெள்ளிக்கிழமைகளில் போன் பண்ணுவார். மகளுடைய கல்யாணம் இன்னும் தள்ளிப்போய்க்கொண்டிருக்கிறது. "மான் சுட்டா இப்ப யாரு மாப்ளே ஓடுறது?" என்று ஒருமுறை கேட்டார். இப்போது ஓடவே ஆள் தேவையில்லை என்று அவரிடம் சொல்ல மனம் வராமல், புதுப் பையன் ஓடுகிறான் என்று சொல்லி வைத்தேன்.