ஹொல்ஸ்டெப்ரோவில் ஒரு மூட்டை அழுக்கு

1986 ஒக்டோபர், ஞாயிறு. காலை ஏழு மணிக்குக் கொப்பன்ஹேகனில் ரயில் ஏறினேன். கோர்சோரில் ரயில் பெட்டிகளோடு கப்பலுக்குள் நுழைந்தது. எட்டுக் குரோனருக்குக் கோப்பி வாங்கிக் குடித்தபடி என்னையே திட்டிக்கொண்டேன். முந்நூறு கிலோமீட்டருக்கு மேல், ஒரு மூட்டை அழுக்குத் துணிக்காக!

விஷயம் இதுதான். ஹொல்ஸ்டெப்ரோவிலிருந்து பன்னிரண்டு கிலோமீட்டரில் ஒரு கிராமம். அங்கே கடைசிப் பிரிவில் ஆடும் சின்ன உதைபந்தாட்டக் கழகத்துக்கு எனக்குத் தெரிந்த, டேனிஷ் இன்னும் பிடிபடாத மன்னார்ப் பையன் ஜெயசீலன்தான் கோல் கீப்பர். போன ஞாயிறு ஆட்டம் முடிந்ததும் அணியின் சட்டைகளையெல்லாம் ஒரு பையில் திணித்து அவனிடம் கொடுத்திருக்கிறார்கள். அதன்பிறகு அவன் பயிற்சிக்குப் போகவில்லை, கதவும் திறப்பதில்லை. அவசரத்துக்கென்று அவன் கொடுத்திருந்த, கொப்பன்ஹேகன் புறநகர் ஹ்விடோவ்ரேயில் உள்ள என் வீட்டு இலக்கத்துக்குக் கழகத் தலைவர் யென்சன் தொலைபேசி எடுத்தார். இருப்பதே பதினொரு பேர். இன்று இரண்டு மணிக்கு அணி இறங்காவிட்டால் தொடரிலிருந்து நீக்கிவிடுவார்கள். அத்தோடு கழகத்தை மூட வேண்டியதுதான்.

பன்னிரண்டரைக்கு நிலையத்தில் யென்சன் காரோடு நின்றார். வங்கி மேலாளர், கோட்டுக்குள்ளே ஒரு மங்கிய ரோசாச் சட்டை. அந்த மனிதருக்கு அது கொஞ்சமும் பொருந்தவில்லை. வழியெல்லாம் கழகத்தின் கஷ்டத்தைச் சொல்லிக்கொண்டே வந்தார்.

"நுழைவு பதினைந்து குரோனர். நாற்பது பேர் வந்தால் அது திருவிழா. சட்டைகள் இறைச்சிக்கடைக்காரர் தந்தவை. சலவைக்குக் கொடுக்க எங்களிடம் எங்கே பணம்?"

என் குரல் கேட்டதும் ஜெயசீலன் கதவைத் திறந்தான். அறையில் அந்தப் பை அவிழ்க்கப்படாமல் கதவோரம் கிடந்தது. யென்சன் வாசலிலேயே நின்றுகொண்டார்.

"அண்ணை, என்னைக் கட்டாடி ஆக்கிப்போட்டாங்கள்," என்றான். கண் கலங்கியிருந்தது. "அகதி எண்டாப்போல எல்லாற்ற ஊத்தையையும் நான் தோய்க்கிறதோ?"

கட்டாடி என்றால் எங்கள் ஊரில் ஊராரின் அழுக்குத் துணி வெளுக்கும் சாதி. உள்ளுக்குள் எனக்கும் அதே கொதிப்புத்தான். வெளியே வந்து, ஏன் இவனிடம் கொடுத்தீர்கள் என்று யென்சனைச் சற்றுக் காரமாகவே கேட்டேன்.

அவர் விழித்தார். "அவன் முறை வந்தது. எல்லோருக்கும் முறை உண்டு. அதற்கு முந்தைய வாரம் நான்தான் துவைத்தேன். அணிச் சட்டைகளின் சிவப்புச் சாயம் இதில் இறங்கி, பாருங்கள்." கோட்டை விலக்கி அந்த ரோசாச் சட்டையைக் காட்டினார். "வெள்ளையாக இருந்தது. மனைவி இன்னும் ஏசுகிறாள்."

டேனிஷில் கேட்டதை நான் தமிழில் சொன்னேன். ஜெயசீலன் அந்தச் சட்டையையே பார்த்துக்கொண்டு நின்றான். "ஆருமே எனக்குச் சொல்லேல்லையே, அண்ணை," என்றான் மெதுவாக. பிறகு சப்பாத்தைத் தேடத் தொடங்கினான்.

இரண்டு மணிக்குப் பதினொரு பேரும் ஒரு வார நாற்றத்தோடு இறங்கினார்கள். மூன்றுக்கு ஒன்று என்று தோற்றார்கள். ஆனாலும் யென்சன் என்னைக் கட்டிப்பிடித்து, பன்னிரண்டு குரோனர் சொசேஜை இலவசமாகத் தந்தார்.

ஆட்டம் முடிந்ததும் ஜெயசீலன் தானாகவே பையை எடுத்தான். சேற்றில் ஊறிச் சரியான பாரம். "மற்றப் பக்கம் பிடியுங்கோ, அண்ணை."

என் கை உடனே போகவில்லை. ஒரு கணம்தான்; ஆனால் தயங்கியது எனக்குத் தெரிந்தது. பிடித்தேன். இருவருமாக மெஷினில் போட்டு, எடுத்து, கொடியில் காயவிட்டோம்.

ஆறு மணி ரயிலில் திரும்பும்போது யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டு உடுப்பைத் தோய்க்க எடுத்துப்போனவரை நினைத்தேன். என் அப்பாவைவிட மூத்தவர். பத்து வயதில் நான் அவரை "நீ" என்றுதான் கூப்பிட்டேன். அவருடைய பெயரை ஞாபகப்படுத்தப் பார்த்தேன். மறந்துபோகவில்லை, நான் ஒருநாளும் கேட்டதேயில்லை.