நடுவில் இருந்த மீன்

கையால் சாப்பிட எனக்கு எவரும் பயிற்சி தரத் தேவையில்லை என்று நம்பித்தான் செனகலுக்கு வந்திருக்கிறேன். தொண்டர் பயிற்சியின் இரண்டாம் நாள். இந்த வீட்டுக்காரம்மா சம்மதித்தால்தான் மூன்று மாதமும் இங்கே தங்கலாம். இல்லாவிட்டால் சுவிஸில் நான் சமைக்கும் இன்டர்லாக்கன் ஹோட்டல் குசினிக்கே திரும்ப வேண்டும்.

பாயில் ஒரே பெரிய தட்டில் சோறு, நடுவில் மீன். மற்றச் சுவிஸ்காரர்கள் விரல்களோடு மல்லுக்கட்டுகிறார்கள். நான் எட்டி மீனைப் பிய்த்து, சோற்றோடு குழைத்து உருட்டுகிறேன். எல்லாக் கைகளும் அப்படியே நிற்கின்றன.

வீட்டுக்காரம்மா பிரெஞ்சில் சொல்வதை, சுவிஸில் பிரெஞ்சு பேசும் நொஷாட்டல் நகரிலிருந்து எங்களோடு வந்த தாதி மதுரா தமிழில் சொல்கிறாள்.

"அங்கிள், அவரவர் தங்கட முன்னுக்கு இருக்கிறதைத்தான் சாப்பிடவேணுமாம். மீனை அவதான் பிரிச்சுப் போடுவாவாம்."

மனதுக்குள் விமானமே ஏறிவிட்டேன்.

"என்னைத் திருப்பி அனுப்பப் போறாவோ? கேள் பிள்ளை."

மதுரா கேட்கிறாள். அம்மா என் கையைப் பார்த்தபடி பதில் சொல்கிறார்.

"முதல்ல மீனை விடட்டாம்."

விடுகிறேன். அவர் என்னைத் தன் மூன்று வயது மகளுக்குப் பக்கத்தில் உட்காரவைத்து, இருவருக்கும் முள் எடுத்துப் போடுகிறார்.

நான் தங்குகிறேன்.